பதினைந்தாவது துணி

ஆஸ்பத்திரியில் எனக்குப் பட்டாசு சிஸ்டர் என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் சொல்வதில்லை, சொன்னால் வெடிப்பேன் என்று பயம். இருபத்திரண்டு வருடமாகப் பிரசவ வார்டில் இருக்கிறேன். வாய் கொஞ்சம் நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வலியில் கிடக்கிற பெண்ணிடம் ஒருநாளும் எரிந்து விழுந்ததில்லை. அவளைச் சுற்றி நின்றுகொண்டு நியாயம் பேசுகிறவர்களிடம்தான் என் வெடியெல்லாம்.

அன்றும் அப்படித்தான் ஆரம்பித்தது. காலை ஏழு மணிக்கு டூட்டிக்கு வந்தேன். மூன்றாம் கட்டிலில் ஒரு பெண் கம்பியைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடித்துக் கிடந்தாள். இருபத்து நாலு வயது, தலைப்பிரசவம். ஜெராக்ஸ் கடையில் வேலை. தலைமாட்டில் மாமியார் நின்றுகொண்டு, "நாங்கல்லாம் பெத்துக்கலையா? இப்படியா ஊரைக் கூட்டினோம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க கத்தலைங்கிறதுக்கு யாரும்மா சாட்சி? பொறந்த பிள்ளையைக் கேட்டாதான் தெரியும். வெளிய போய் உக்காருங்க" என்றேன்.

வலிக்கு நடுவிலும் அந்தப் பெண் சிரித்துவிட்டாள். மாமியார் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். அதோடு இவள் கம்பியை விட்டுவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, ஆபரேஷன் மட்டும் வேணாம் அக்கா."

"யாரு ஆபரேஷன்னு சொன்னா? நல்லாத்தானே போயிட்டிருக்கு."

"முழிச்சிருக்கும்போதே வயித்தக் கிழிப்பாங்களாமே. நடுவுல திரை கட்டிடுவாங்களாம். உள்ள என்ன வைக்கிறாங்க, என்ன எடுக்கிறாங்கன்னு எனக்குத் தெரியாதே அக்கா. கடையில பத்து பேப்பர் எடுத்துக் குடுத்தாக்கூட கஸ்டமர் கண்ணு முன்னாடி எண்ணித்தான் குடுப்பேன். கண்ணால பாக்காத எதையும் என்னால நம்ப முடியாது."

"சரிதான். நீ என்கிட்டயும் ரசீது கேப்ப போல" என்றேன். அவளுக்கு அடுத்த வலி வந்துவிட்டது.

மதியம்வரை அவளோடுதான் இருந்தேன். இடுப்பைத் தேய்த்துவிட்டேன். வெந்நீர்ப் பை வைத்தேன். வலி ஏறும்போது, "ஊது, மெழுகுவர்த்திய அணைக்கிற மாதிரி ஊது" என்று கூடவே ஊதினேன். வலி இறங்கியதும் வெளியே பெஞ்சில் பிளாஸ்க்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷனைப் பற்றி விசாரித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஒரே பக்கத்தை நாற்பது தடவை ஜெராக்ஸ் எடுக்க வந்தானாம். "நாப்பத்தோராவது தடவைதான் பேரக் கேட்டாரு. எண்ணி வச்சிருக்கேன்" என்றாள். அவள் வயிற்றைச் சுற்றிக் கட்டியிருந்த பட்டையிலிருந்து குழந்தையின் இதயத் துடிப்பு மிஷினில் கேட்டுக்கொண்டே இருந்தது. டக்டக் டக்டக் என்று குதிரை ஓடுகிற சத்தம். நிமிடத்துக்கு நூற்று நாற்பது. அந்தச் சத்தம் கேட்கிற வரைக்கும் எனக்கு நிம்மதி.

ஒன்றரை மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. தண்ணீர் பச்சையாக வந்தது. குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. அது மூச்சில் போனால் ஆபத்து. அவளிடம் காட்டிக்கொள்ளாமல் விரிப்பை மாற்றினேன். மாற்றிக்கொண்டிருக்கும்போதே குதிரையின் ஓட்டம் தளர்ந்தது. நூற்றுப் பத்து. தொண்ணூறு. எழுபத்தெட்டு.

அவளை இடது பக்கம் சாய்த்தேன். வலி வர ஏற்றிக்கொண்டிருந்த டிரிப்ஸை நிறுத்தினேன். மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தேன். சுவரில் இருந்த பெல்லை அழுத்தினேன். வலி இறங்கினால் துடிப்பு ஏறிவிடும் என்று காத்திருந்தேன். வலி இறங்கியது, துடிப்பு ஏறவில்லை.

"அக்கா, சத்தம் ஏன் மெதுவா கேக்குது?"

"பாப்பா தூங்குது" என்றேன். இந்தப் பொய்யை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

பெரிய டாக்டரம்மா ஓடி வந்தார். மிஷினிலிருந்து வந்த காகிதத்தை ஒரு முழம் இழுத்துப் பார்த்தார். உட்காரக்கூட இல்லை. "தியேட்டர். இப்பவே" என்றார்.

அந்தப் பெண்ணின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்தேன். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். என் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "கைய மட்டும் விட்டுடாதீங்க அக்கா. எது நடந்தாலும் விட்டுடாதீங்க" என்றாள்.

"விடமாட்டேன். நான் சொன்னா சொன்னதுதான்."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினோம். அவள் புருஷன் கையெழுத்துப் போட்டபோது பேனா இரண்டு தடவை கீழே விழுந்தது. மாமியார் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார். தியேட்டர் கதவு வரைக்கும் அந்தப் பெண்ணின் கை என் கையில்தான் இருந்தது.

உள்ளே போனால் ஆள் இல்லை. பக்கத்துத் தியேட்டரிலும் ஒரு ஆபரேஷன் நடந்துகொண்டிருந்தது. வழக்கமாக ஓடியாடி எடுத்துக் கொடுக்கிற நர்ஸ் அங்கே மாட்டிக்கொண்டாள். டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "சிஸ்டர், நீயே வெளிவேலை பாரு. வேற வழியில்ல" என்றார்.

எங்கள் தியேட்டரில் வேலை இரண்டாகப் பிரியும். ஒரு நர்ஸ் கையுறை போட்டுக்கொண்டு டாக்டர் பக்கத்தில் நின்று கருவிகளைக் கொடுப்பாள். அவள் எதையும் வெளியே தொடக்கூடாது. இன்னொருத்தி வெளியில் நின்று துணிக்கட்டு பிரிப்பாள், மருந்து எடுப்பாள், போன் பேசுவாள். அன்று கையுறை போட்டு நின்றவளை நாங்கள் மௌனச்சாமி என்போம். ஒரு ஷிப்டுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். வெளிவேலை என் தலையில்.

முதலில் மயக்க ஊசி. அந்தப் பெண்ணை உட்கார வைத்து, தலையை என் தோளில் சாய்த்து, முதுகை வில்லாக வளைத்துப் பிடித்துக்கொண்டேன். அவள் பல் கிட்டிப்பது என் தோள் எலும்பில் தெரிந்தது. மயக்க டாக்டர் முதுகுத்தண்டில் ஊசி போட்டார். படுக்க வைத்தோம். இரண்டு கைகளையும் பக்கவாட்டில் பலகையில் நீட்டி வைத்து, மேலே பச்சைத் துணி போர்த்தினோம். நெஞ்சுக்குக் கீழே அவளுக்கு வலி தெரியாது. நெஞ்சுக்கு மேலே எல்லாமே தெரியும், எல்லாமே கேட்கும். நடுவில் அவள் பயந்த அதே திரை.

அதற்குள் மௌனச்சாமி என்னைப் பார்த்தாள். எண்ண வேண்டும்.

ஆபரேஷனில் வயிற்றுக்குள் ரத்தம் ஒற்றி எடுக்கப் பெரிய சதுரத் துணிகள் உண்டு. ஓரத்தில் எக்ஸ்ரேயில் தெரிகிற நீல நூல் ஓடும். ஒரு கட்டுக்கு ஐந்து. வெட்டுவதற்கு முன்னால் இரண்டு நர்ஸும் சேர்ந்து எண்ண வேண்டும், வெள்ளைப் பலகையில் எழுத வேண்டும். தைத்து மூடுவதற்கு முன்னால் மறுபடி எண்ண வேண்டும். ஸ்டாண்டில் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் பைகள் தொங்கும். பயன்படுத்திய துணியை ஒரு பைக்கு ஒன்று என்று அதில் போடுவோம். கீழே விழுந்த துணியாக இருந்தாலும், ரத்தமே படாததாக இருந்தாலும், அதுவும் பைக்குத்தான் போக வேண்டும். ஒன்று குறைந்தால் அது வயிற்றுக்குள் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே தங்கினால் சீழ் பிடிக்கும், குடல் அழுகும், ஆள் போய்விடும். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இதை நான்தான் சொல்லிக் கொடுப்பேன், காதைத் திருகாத குறையாக.

இரண்டு கட்டு பிரித்தோம். "பத்து" என்றேன். அவள் தலையாட்டினாள். பலகையில் எழுதினேன்.

அப்போதுதான் அந்தப் பெண் கூப்பிட்டாள். "அக்கா! எங்க இருக்கீங்க? கைய விட்டுட்டீங்களே!"

போய்ப் பார்த்தேன். உடம்பு தூக்கிப்போடுகிற மாதிரி நடுங்கியது. விரல்கள் காற்றில் எதையோ தேடின. டாக்டரம்மா கத்திக்குக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறார், எனக்குக் குழந்தை டாக்டருக்கு இன்னொரு தடவை போன் போட வேண்டும், ரத்தம் இரண்டு பாட்டில் சொல்ல வேண்டும். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. காலடியில் மடித்த துணி ஒன்று கிடந்தது. எடுத்து அவள் உள்ளங்கையில் திணித்து விரல்களை மூடினேன்.

"இதுதான் என் கை. புரிஞ்சுதா? நான் வர்ற வரைக்கும் இத விடாத. கெட்டியா பிடிச்சுக்கோ."

"விடமாட்டேன்" என்றாள். நான் போனுக்கு ஓடினேன்.

நாலே நிமிடத்தில் குழந்தையை வெளியே எடுத்துவிட்டார்கள். ஆண் குழந்தை. கழுத்தில் தொப்புள்கொடி இரண்டு சுற்று. நீலம் பாய்ந்து, நனைந்த துண்டு மாதிரி தொங்கியது. அழவில்லை. அப்போதுதான் ஓடி வந்த குழந்தை டாக்டர் வாங்கிக்கொண்டு மூலையில் இருந்த சூட்டு மேஜைக்குப் போனார், நானும் போனேன். துடைத்தேன், முதுகைத் தேய்த்தேன், உள்ளங்காலைச் சுண்டினேன். அவர் குழந்தையின் வாயிலிருந்த பச்சையை உறிஞ்சி எடுத்துவிட்டு முகமூடி வைத்துக் காற்று கொடுத்தார்.

"அக்கா, ஏன் அழல?"

குழந்தை டாக்டர் இன்னொரு தடவை காற்று கொடுத்தார்.

"அக்கா, பாப்பா ஏன் அழல?"

ஊர் வாயை எல்லாம் அடைக்கிறவள் நான், அன்றைக்கு ஒரு வார்த்தை வரவில்லை. சுவர்க் கடிகாரத்தில் ஒரு நிமிடம் போயிற்று. இன்னொரு அரை நிமிடம் போயிற்று. குழந்தையின் நெஞ்சில் ஒரு விக்கல். அப்புறம் பூனைக்குட்டி மாதிரி ஒரு சின்னச் சத்தம். அப்புறம் வீல் என்று ஒரு கத்தல்.

"கேட்டுச்சா? பாட்டி மாதிரியே வாய்!" என்று திரைக்கு அந்தப் பக்கம் கத்தினேன். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவள் அழுதாள். மயக்க டாக்டர் கூட மூக்கை உறிஞ்சினார்.

அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. கர்ப்பப்பை சுருங்கவில்லை. ரத்தம் பொங்கிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா, "துணி, துணி, இன்னும் துணி" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாவது கட்டைப் பிரித்தேன். மௌனச்சாமியோடு எண்ணிப் பலகையில் பதினைந்து என்று திருத்தினேன். ஊசிமேல் ஊசி போட்டோம். ரத்த பாட்டில் ஏற்றினோம். டாக்டரம்மா கர்ப்பப்பையைக் கையில் எடுத்துப் பிசைந்தார். இருபது நிமிடம் கழித்துதான் அது கல் மாதிரி இறுகியது. கர்ப்பப்பையைத் தைத்தார். கசிவு நின்றது. எல்லாரும் அப்போதுதான் மூச்சு விட்டோம்.

"வயித்த மூடப் போறேன். எண்ணுங்க" என்றார்.

எண்ணினோம். மேஜையில் இருந்தது, டாக்டரம்மா கையில் இருந்தது, எல்லாவற்றையும் பைகளில் போட்டோம். மௌனச்சாமி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். மறுபடி எண்ணினோம்.

பதினாலு.

ஸ்டாண்டில் பதினைந்தாவது பை காலியாகத் தொங்கியது.

"டாக்டர், ஒண்ணு குறையுது" என்றேன்.

"நல்லா பாரு."

"ரெண்டு தடவ பாத்தாச்சு. ஒரு துணி காணோம்."

எல்லாரும் ஒரே நேரத்தில் தேட ஆரம்பித்தோம். தியேட்டர் ஆயாம்மா தரையில் மண்டியிட்டு மேஜைக்கு அடியில் தேடினார். குப்பை வாளியைக் கவிழ்த்தேன். குழந்தையைத் துடைத்த துண்டுகளை ஒவ்வொன்றாக உதறினேன். பச்சைத் துணிகளின் மடிப்புக்குள் கையை விட்டேன். என் செருப்புக்கு அடியில்கூடப் பார்த்தேன். டாக்டரம்மா வயிற்றுக்குள் கையை விட்டு, கல்லீரலுக்கு அடியில், குடலுக்குப் பின்னால், மூலை மூலையாகத் துழாவினார்.

"அக்கா, உள்ள ஏதோ இழுக்குது" என்றது திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல். "அக்கா, வாந்தி வருது."

"பிரஷர் தொண்ணூறு" என்றார் மயக்க டாக்டர்.

"எக்ஸ்ரே வண்டி?" என்றார் டாக்டரம்மா.

போன் போட்டேன். எக்ஸ்ரே வண்டி எதிர்க் கட்டடத்தில் இருந்தது. வர நாற்பது நிமிடம் ஆகும் என்றார்கள். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு நாற்பது நிமிடம்! போனில் இருந்தவனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டி என்ன, வண்டிக்கு இறக்கையா முளைக்கும்?

டாக்டரம்மாவின் நெற்றி வியர்வை புருவத்தில் நின்றது. "சிஸ்டர், நீங்க ரெண்டு பேரும் ஆரம்பத்துல தப்பா எண்ணியிருப்பீங்க. சில கட்டுல நாலுதான் வரும். எனக்குக் கைக்கு ஒண்ணும் தட்டுப்படல. மூடிட்டு அப்புறம் எக்ஸ்ரே எடுத்துக்கலாம்."

"பத்துன்னா பத்துதான் டாக்டர். அப்புறம் அஞ்சு. நான் தப்பா எண்ணல."

"இவ ரத்தம் எவ்வளவு போயிருக்கு தெரியுமா உனக்கு?"

"தெரியும். துணிய உள்ள வச்சுத் தைச்சா இவ மொத்தமா போயிடுவா. கணக்கு சரின்னு என் வாயால சொல்லமாட்டேன். வேணும்னா என்னை வெளிய அனுப்பிட்டு மூடுங்க."

மௌனச்சாமி வாயைத் திறந்தாள். "பத்துதான் டாக்டர். அப்புறம் அஞ்சு" என்றாள். அன்றைக்கு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

டாக்டரம்மா எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். மறுபடி கையை உள்ளே விட்டார். இந்தத் தடவை குடலை வெளியே எடுத்து, சாண் சாணாக நகர்த்திப் பார்த்தார். தைத்த இடத்தில் மறுபடி ரத்தம் கசிந்தது.

"எண்பது" என்றார் மயக்க டாக்டர். கொஞ்சம் கழித்து, "எழுபது. மேடம், இப்படியே போனா முழு மயக்கம் குடுக்கணும். சீக்கிரம்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். மனசுக்குள் எல்லாத் தெய்வத்தையும் கூப்பிட்டேன். மூடச் சொன்னால் துணி கொல்லும், மூடாதே என்றால் தேடுகிற கையே கொன்றுவிடும். மூடாதே என்று சொன்னவள் நான். அந்த ஒரு நிமிடத்தில் எனக்கு வந்த பயம் மாதிரி இருபத்திரண்டு வருடத்தில் வந்ததில்லை.

"அக்கா..." குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி இருந்தது. "அக்கா, இங்க வாங்களேன்."

போனேன். முகம் காகித வெள்ளை. உதடு உலர்ந்திருந்தது.

"என் வயித்துக்குள்ள துணி இருக்குன்னு சொல்றாங்க."

"ஒண்ணுமில்லடா. பாத்துக்கிட்டிருக்காங்க."

"எனக்கு ரொம்பப் பயமா இருக்கு அக்கா. ஆனா நீங்க சொன்ன மாதிரியே இருக்கேன். உங்க கைய நான் விடல. பாருங்க, இன்னும் விடல."

என் கை இரண்டும் என்னிடம்தானே இருக்கிறது என்று ஒரு கணம் விழித்தேன். அடுத்த கணம் புரிந்தது. பலகை மேலிருந்த பச்சைத் துணியைத் தூக்கினேன். நரம்பு புடைக்க மூடிய விரல்கள். விரல்களுக்கு நடுவில் வெள்ளைத் துணி. ஓரத்தில் நீல நூல்.

எடுக்கப் போனேன். அவள் விடவில்லை. கண்ணைக்கூடத் திறக்காமல் தலையை ஆட்டினாள். "விடாதன்னு சொன்னீங்களே" என்றாள். ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். பிரித்த கையோடு என் கையைக் கொடுத்தேன். மறுகையில் துணியைத் தூக்கிக் காட்டினேன்.

"டாக்டர், போதும், கைய வெளிய எடுங்க. துணி இங்க இருக்கு. பதினஞ்சு. நான்தான்... நான்தான் இவ கையில குடுத்தேன். கீழ கிடந்தது. எண்ணினதுல ஒண்ணுன்னு பாக்கவே இல்ல."

"கையில வெண்ணெய வச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்ச கதையா இருக்கே!" என்று மயக்க டாக்டர் சிரித்தார். பயம் தெளிந்த சிரிப்பு. யாரும் கூடச் சிரிக்கவில்லை, அவரும் நிறுத்திக்கொண்டார்.

டாக்டரம்மா கசிந்த இடத்தில் இரண்டு தையல் போட்டார், வயிற்றை மூட ஆரம்பித்தார். என்னைத் திட்டவில்லை. ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் மெதுவாகச் சொன்னார்: "பன்னெண்டு நிமிஷம். பன்னெண்டு நிமிஷம் இந்தப் பொண்ணு வயித்துக்குள்ள ஒண்ணுமே இல்லாத இடத்துல நான் கைய விட்டுத் துழாவியிருக்கேன்."

திட்டியிருக்கலாம். நான் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன். அவளுக்குப் பிரஷர் ஏறத் தொடங்கிய பிறகுதான் துணியைப் பதினைந்தாவது பையில் போட்டேன். தவறு எழுதுகிற புத்தகத்தை நானே எடுத்து வந்து, நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மௌனச்சாமி எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தாள்.

மூன்றரை மணிக்கு அவளை ஆபரேஷன் முடிந்தவர்களைப் படுக்கவைக்கிற அறைக்குக் கொண்டுபோனோம். குழந்தையை வெதுவெதுப்பாகச் சுற்றி அவள் நெஞ்சில் வைத்தேன். குழந்தையின் நெற்றியை முகர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"துணி எங்க அக்கா இருந்துச்சு?"

மழுப்பியிருக்கலாம். எனக்குத் தெரியாத மழுப்பலா? மதியம் சொன்ன 'பாப்பா தூங்குது' மாதிரி இன்னொன்று சொல்லியிருக்கலாம்.

"உன் கையில இருந்துச்சு. நான் குடுத்தது. வயித்துக்குள்ள போக வேண்டிய துணியில ஒண்ணு. நான் கவனிக்காம எடுத்துக் குடுத்து, அப்புறம் மறந்தும் போயிட்டேன். அதத் தேடித்தான் உன் வயித்த மறுபடி மறுபடி துழாவினாங்க. தப்பு என்னுது."

அவள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். துணியின் ஓரத் தையல் கோடு கோடாகப் பதிந்து, இன்னும் சிவந்திருந்தது. கையை நீட்டினேன். அவள் பிடிக்கவில்லை. போர்வைக்குள் தன் கையை இழுத்துக்கொண்டாள்.

"கைன்னு சொன்னீங்க" என்றாள்.

"ஆமாம்."

"இப்ப உள்ள ஒண்ணும் இல்லன்னு சொல்றீங்க. அத மட்டும் எப்படி நம்புறது?"

மாமியார் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறந்தால் என் மானம் தெருவில்தான். அவர் திறக்கவில்லை. நான் தியேட்டருக்கு ஓடினேன்.

ஆயாம்மா அந்தப் பைகளைக் குப்பைக்குப் போகிற மஞ்சள் மூட்டையில் போடப் போனார். "நில்லுங்க, தொடாதீங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். ஸ்டாண்டை அப்படியே தள்ளிக்கொண்டு வந்தேன். சக்கரம் கிரீச்சிட்டது. ரத்தத் துணியைத் தியேட்டரை விட்டு வெளியே கொண்டுவரக்கூடாது. தவறு எழுதுகிற புத்தகத்தில் எனக்கு இன்னொரு வரி சேரும். சேரட்டும். ஸ்டாண்டை அவள் கட்டில் ஓரத்தில், அவள் கண்ணுக்கு நேரே நிறுத்தினேன். மாமியார் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீயே பாரு. ஒரு பைக்கு ஒண்ணு. ஒண்ணு."

அடுத்த பையைத் தொட்டேன்.

"ரெண்டு. மூணு. நாலு."

ஏழாவதில் அவள் உதடு அசைந்தது. பத்தாவதில் சத்தம் வந்தது. பதினாலு வரைக்கும் எல்லாமே கருஞ்சிவப்பு. பதினைந்தாவது பையில் வெள்ளைத் துணி, அவள் பிடியில் கசங்கிய மடிப்போடு.

"பதினஞ்சு" என்றாள், எனக்கு முன்னால்.

"பதினஞ்சு. பலகையிலயும் பதினஞ்சு. உள்ள ஒண்ணும் இல்ல."

அவள் கண்ணை மூடினாள். தூங்கப் போகிறாள் என்று நினைத்து ஸ்டாண்டைத் திருப்பினேன்.

"அக்கா."

போர்வைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. என் இடது கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. பிடித்துக்கொண்டு, அது கைதானா என்று விரல் விரலாகத் தடவிப் பார்த்தது.

"இன்னொரு தடவ எண்ணுங்க" என்றாள்.

வலது கையால் ஸ்டாண்டை மறுபடி அவள் பக்கம் திருப்பினேன். ஒன்றிலிருந்து ஆரம்பித்தேன்.